ஒளியைச் சிதறடிக்கும் கைகள்

பட்டறை முகப்பில் பாதி முடிந்த நந்தி ஒன்று கிடந்தது. உடம்பெல்லாம் சாம்பல் நிறம். உளி பட்ட இடங்களில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "இது கறுப்புக் கல்லா?" என்று கேட்டேன். சிற்பி வாயால் பதில் சொல்லவில்லை. பக்கத்து வாளியிலிருந்து ஒரு மக் தண்ணீர் மொண்டு நந்தியின் திமில்மேல் ஊற்றினார். தண்ணீர் ஓடிய வழியெல்லாம் கல் கன்னங்கரேலென்று ஆனது. வெயிலில் அது காயக் காயச் சாம்பல் நிறம் மறுபடியும் ஏறி வந்தது.

"பாத்தீங்களா சார்? கறுப்பு உள்ளதான் இருக்கு. நாங்க கொத்திக் கொத்தி அதை மூடி வெச்சிருக்கோம். பாலிஷ் போட்டா தெறந்துடும்" என்றார்.

திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரத்துக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) போனால் வடநெம்மேலி, நெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம் என்று ஊர்கள் வரும். ஒரு பக்கம் கடல், சவுக்கு, ரிசார்ட்டுகள். மாமல்லபுரம் நெருங்க நெருங்கச் சாலையோரத்தில் கல் பட்டறைகளின் சத்தம் கூடிக்கொண்டே போகும். நான் இந்தச் சாலையில் இறங்கியதற்குக் காரணம் மேட் ஃபினிஷ். கார், கைபேசி, குழாய், கதவுக் கைப்பிடி, சமையல் மேடை, சுவர் வண்ணம், கல்யாணப் பத்திரிகை என்று கடந்த சில ஆண்டுகளில் எல்லாமே பளபளப்பை விட்டு மங்கலுக்கு மாறிவிட்டன. மங்கல் என்றால் வேலையைப் பாதியில் விட்டது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். அந்த மங்கலைக் கையால் செய்கிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று வந்தேன்.

நந்தியின் திமிலில் நடந்ததைச் சற்று விளக்க வேண்டும். வழவழப்பான பரப்பில் விழும் ஒளி, விழுந்த கோணத்துக்கு ஈடான கோணத்தில் ஒரே திசையில் திரும்பிப் போகிறது. அதனால்தான் அதில் முகம் தெரிகிறது. மேடும் பள்ளமுமான பரப்பில் ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு திசைக்கு ஒளியைத் திருப்பி விடுகிறது. முகம் கலைந்து போகிறது. எவ்வளவு சிறிய மேடு இதற்குப் போதும்? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 0.4 மைக்ரானிலிருந்து 0.7 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேடுபள்ளங்கள் அந்த அளவுக்கு வெகு கீழே இருந்தால் பரப்பு கண்ணாடியாக நிற்கும். அந்த அளவை நெருங்கும்போது மங்கத் தொடங்கும், தாண்டினால் முழு மேட்.

கல்லில் இன்னொன்றும் சேர்கிறது. உளி இறங்கிய இடத்தில் படிகங்கள் நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுகின்றன. அவற்றுக்குள் காற்று நிற்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1; கல்லிலுள்ள தாதுக்களுக்கு 1.5க்கு மேல். இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தாண்டி ஒளியால் ஆழமாக உள்ளே போக முடிவதில்லை. ஒவ்வொரு விரிசலிலும் முட்டிச் சிதறி வெளியே வந்துவிடுகிறது. அந்தச் சிதறலைத்தான் நாம் வெளுப்பாகப் பார்க்கிறோம். விரிசலில் தண்ணீர் புகுந்தால் அங்கே எண் 1.33 ஆகிறது. வேறுபாடு குறைகிறது, ஒளி உள்ளே இறங்கிக் கல்லின் கறுப்பில் மறைகிறது. எண்ணெயின் எண் 1.47ஐ ஒட்டியது, கல்லுக்கு இன்னும் நெருக்கம். தண்ணீர் காய்ந்து போகும், எண்ணெய் காயாது. கருவறை மூலவர்களின் மேனி கறுத்து ஆழ்ந்து தெரிவதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சாத்திய எண்ணெய்க் காப்புக்கும் பங்கு உண்டு. கறுப்புப் பலகையில் பெயர் பொறிக்கிறவர்கள் வெள்ளைப் பெயின்ட் பூசாமலே எழுத்தை வெள்ளையாகக் காட்டுவதும் இதே கணக்கில்தான்: பலகை பாலிஷ், எழுத்து உளி.

சிற்பி என்னை உள்ளே அழைத்துப் போய் மேல்கூரைக்கடியில் வரிசையாக நின்ற பிள்ளையார்களைக் காட்டினார். முகமும் தும்பிக்கையும் வயிறும் கறுப்பாக மின்னின. ஆபரணமும் பின்னணித் திருவாசியும் உளித்தடத்தோடு சாம்பலாக நின்றன. இரண்டும் ஒரே கல், ஒரே நிறம். பரப்பை மாற்றிய விதத்தால் மட்டுமே இரண்டு வண்ணமாகப் பிரித்திருக்கிறார். "வாங்கறவங்களுக்கு இதுதான் பிடிக்குது. கோயிலுக்குன்னு செஞ்சா இவ்வளவு பாலிஷ் போட மாட்டேன். மினுக்கினா வெளிச்சம் போற பக்கம் கண்ணு போயிடும். முகம் நிக்காது" என்றார். இதை நான் அங்கேயே சோதித்துப் பார்த்தேன். பளபளக்கும் பிள்ளையாரின் கன்னத்தில் ஜன்னல் தெரிந்தது. நான் நகர்ந்தபோது ஜன்னலும் நகர்ந்தது. கன்னத்தின் வளைவை அந்த வெள்ளைத் திட்டு விழுங்கிவிட்டது. பாலிஷ் போடாத இன்னொரு முகத்தில் நிழல் மெல்ல மெல்ல இறங்கி, கன்னம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெளிவாகச் சொன்னது. உருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மங்கல் மேனியே மேல் என்பதில் எனக்கு இப்போது சந்தேகமில்லை. கன்னியாகுமரியில் 133 அடி உயரத்தில் நிற்கும் திருவள்ளுவரின் மேனியும் பளபளப்பதில்லை. 2000ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி, மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பப் பயிற்சிக் கூடம் கல்லூரியாக வளர்ந்த காலத்தில் அதை நெடுங்காலம் வழிநடத்தியவர். இந்தச் சாலையில் உளி பிடிக்கும் பலர் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள், அல்லது படித்தவர்களிடம் வேலை கற்றவர்கள்.

பட்டறையின் பின்புறம் ஓர் அக்கா தரைப் பலகை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே சிறு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. தேய்ப்புக் கல்லுக்கும் வட்டப் பேடுக்கும் நம்பர் உண்டு: 60, 120, 220, 400, 800, அதற்கும் மேலே. நம்பர் ஏற ஏற மணி சிறுக்கும். 60ஆம் நம்பரின் மணி ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பரின் கீறலை அழித்து, தன் கீறலை விட்டுப் போகிறது. கடைசியில் கீறல் ஒளியின் அலைநீளத்தை விடச் சிறியதாகும்போது கல் கண்ணாடியாகிறது.

"கண்ணாடி பாலிஷ் கஷ்டமா, மேட் கஷ்டமா அக்கா?"

"மேட்டுதான் கஷ்டம். கண்ணாடின்னா அடுத்த நம்பர் வந்து சரி பண்ணிடும். மேட்டுன்னா 400ல நிறுத்தணும். நிறுத்தற எடத்துல என்ன இருக்கோ அது அப்படியே தெரியும்."

கைபேசியின் டார்ச்சைப் போட்டு, பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். நேராகப் பார்த்தபோது ஒன்றுமே இல்லாத பரப்பில், சாய்ந்த வெளிச்சத்தில் நீளமாக ஒரு கோடு எழுந்தது. 60ஆம் நம்பர் போட்ட கீறல், 120க்கும் 220க்கும் தப்பி நின்றுவிட்டது. அதற்காக அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி 120இலிருந்து தேய்க்க வேண்டும். கீறல்கள் எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும், ஒரு திசையில் படியவும் கூடாது; அப்போதுதான் ஒளி எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறும். சமமாகச் சிதறாத மங்கலை நாம் அழுக்கு என்று சொல்லிவிடுவோம். கல்லும் ஒத்துழைக்க வேண்டும். குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, ஃபெல்ஸ்பாருக்கு 6, அப்பிரகத்துக்கு 3கூடப் பெரிது. ஒரே தேய்ப்பில் ஒன்று குறைவாகவும் மற்றொன்று அதிகமாகவும் தேயும். அப்பிரகம் பெயர்ந்தே வந்துவிடும். இந்தக் குறையையே ஒரு வேலையாக மாற்றியதுதான் இப்போது சந்தையில் 'லெதர் ஃபினிஷ்' என்று ஓடுவது. வைரத்தூள் பதித்த பிரஷ்ஷால் தேய்த்தால் மெத்தென்ற தாதுக்கள் குழிந்து, கடினமானவை மேடாக நிற்கும். தடவிப் பார்த்தால் விரல் வழுக்கும், கண்ணுக்கோ மங்கலாகத் தெரியும்.

இன்னொரு பட்டறையில் நெருப்பால் கல்லைச் சொரசொரப்பாக்கிக்கொண்டிருந்தார்கள். ரிசார்ட் நீச்சல் குளத்தைச் சுற்றிப் போடும் வெள்ளைச் சாம்பல் பலகைகள். கேஸும் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும் சுடரை ஒரு பையன் சீரான வேகத்தில் கல்மேல் இழுத்துக்கொண்டே போனான். சுடர் தொட்ட இடத்தில் படபடவென்று வெடித்துச் சில்லுகள் தெறித்தன. குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரி செல்சியஸில் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொண்டு சட்டென்று விரிகிறது. பக்கத்து ஃபெல்ஸ்பார் அந்த அளவுக்கு விரிவதில்லை. மேல்தோலில் இருக்கும் மணிகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளிச் சில்லாகக் கழல்கின்றன. அடிக்கல்லுக்குச் சூடு இறங்குவதற்குள் சுடர் நகர்ந்துவிட வேண்டும். கை நின்றால் பலகை பிளக்கும். குவார்ட்ஸ் மிகக் குறைந்த கறுப்புக் கல்லில் இந்த வேலை அவ்வளவாக எடுபடாது. கடைகளில் கறுப்பு கிரானைட் என்று விற்பதில் பெரும்பகுதியை நிலவியலாளர்கள் கிரானைட் என்றே ஒப்புக்கொள்வதில்லை. அது டாலரைட், காப்ரோ வகைக் கல்.

ஈரக்கால் வழுக்காமல் இருக்கத்தான் இந்தச் சொரசொரப்பு. அந்தப் பட்டறையின் பெரியவர் சின்ன வயதில் ஊர் ஊராகப் போய் அம்மி கொத்தியவர். "அம்மி கொத்தணுமா, ஆட்டுக்கல் கொத்தணுமா" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு போனதைச் சொன்னார். அரைத்து அரைத்து வழவழப்பான அம்மியில் மிளகாய் நசுங்காமல் வழுக்கிப் போகும். சிற்றுளியால் நெருக்கமாகப் புள்ளி வைத்தால் கல்லுக்கு மறுபடியும் பிடி வரும். நம் வீடுகளில் கல்லை வேண்டுமென்றே மேட் ஆக்கிய முதல் கைவினை அதுவாகத்தான் இருக்க வேண்டும். மிக்ஸி வந்தது, அந்தக் குரல் நின்றது. அதே புள்ளிக் கொத்தை அவர் இப்போது நட்சத்திர விடுதிகளின் வரவேற்பறைச் சுவருக்குச் செய்கிறார்.

மாமல்லபுரத்தில் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத மேற்குப் பக்கத்தில் வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் இருக்கின்றன. அவை முடியாமல் நின்றவை. அதனாலேயே ஒரு பட்டறையைப் பார்ப்பதைப் போலப் பார்க்கலாம். பாறையில் கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் நிற்கும் சதுரங்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்திருக்கிறார்கள். எடுத்த இடம் குழிகுழியாக இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் சற்று மெல்லிய உளித்தடம், அதற்கும் அடுத்துச் சீரான பரப்பு. பெருமுயற்சியிலிருந்து நுண்வேலைக்கு இறங்கும் படிகள் ஒரே பாறையில் நிற்கின்றன. கிறிஸ்துவுக்கு முந்தைய 3ஆம் நூற்றாண்டில், மௌரியர் காலத்தில், பீகாரின் பராபர் குகைகளில் கிரானைட்டை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துவிட்டார்கள். ஆகவே பல்லவர் காலத்தில் இந்தியாவில் யாருக்கும் கல்லைக் கண்ணாடியாக்கத் தெரியாது என்று சொல்ல முடியாது. பல்லவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பல்லவர் கால ஓவியத்தின் எச்சங்கள் இன்றும் இருக்கின்றன. சுதை பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டிய மரபு அது. வழவழப்பான கல்லில் சுண்ணாம்புச் சாந்து நிற்காது. உளித்தடம்தான் அதற்குப் பிடி.

கடலும் தன் பங்குக்கு உளி வைக்கிறது. ராஜசிம்ம பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கடற்கரைக் கோயிலில் சிற்பங்களின் முகங்கள் கரைந்து போயிருக்கின்றன. உப்புக் காற்று கல்லின் நுண்துளைகளில் ஈரத்தோடு புகுந்து, காயும்போது உப்பு படிகமாகிறது. படிகம் வளர இடம் வேண்டும். மணிமணியாகக் கல்லை நெட்டி வெளியேற்றுகிறது. காற்றோடு வரும் மணல் மேலும் தேய்க்கிறது. தொல்லியல் துறை கடல் பக்கம் பாறைகள் கொட்டிக் கரை அமைத்தது, சவுக்கு நட்டது. காகிதக் கூழை ஈரமாகச் சுவரில் அப்பி, அது காயும்போது உப்பை உறிஞ்சச் செய்து, உரித்து எடுக்கும் வேலையும் செய்கிறது. மேட் பரப்பு என்றால் உப்புக்கு உட்கார இடம் அதிகம் என்பதைக் கடற்கரையில் வீடு கட்டுகிறவர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டும்.

கல்லைப் பார்த்த கண்ணோடு கேளம்பாக்கம் பக்கம் ஒரு பவுடர் கோட்டிங் கூடத்துக்குப் போனேன். ஈசிஆர் வீடுகளின் கேட்டும் பால்கனிக் கம்பியும் இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் வருகின்றன. வாசலில் துருப்பிடித்த சட்டங்கள், உள்ளே வரிசையாகத் தொட்டிகள். தொழிலில் இதை 'செவன் டேங்க்' என்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க ஒன்று, துருவை அமிலத்தில் கரைக்க ஒன்று, நடுநடுவே கழுவ, பிறகு பாஸ்பேட். பாஸ்பேட் தொட்டியிலிருந்து வெளியே வரும் இரும்பைப் பாருங்கள்: பளிச்சென்ற உலோகம் உள்ளே போய், சாம்பல் பூத்த மேட் உலோகமாக வருகிறது. இரும்பின்மேல் துத்தநாகப் பாஸ்பேட் படிகங்கள் நெருக்கமாக முளைத்திருக்கின்றன. தேய்க்காமல், கொத்தாமல், வேதிவினையால் வளர்த்த சொரசொரப்பு. பல்லவர் சுதைக்கு உளித்தடம் செய்த வேலையை இங்கே பவுடருக்கு இந்தப் படிகங்கள் செய்கின்றன. அலுமினிய ஜன்னல் சட்டத்தை அனோடைஸ் செய்வதற்கு முன் சூடான காஸ்டிக் சோடாவில் முக்குவார்கள். அது உலோகத்தைக் குழிகுழியாக அரித்து, பட்டுப் போன்ற மங்கலைத் தரும்.

ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் துப்பாக்கி பிடித்திருந்தார். அதன் முனையில் பல்லாயிரம் வோல்ட். பவுடர் மின்னேற்றம் பெற்று, எர்த் கொடுத்துத் தொங்கவிட்ட கேட்டில் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அடுப்பில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ், 10 முதல் 15 நிமிடம். உருகி இறுகும் தோலின் தடிமன் 60 முதல் 80 மைக்ரான். பளபளப்புப் பவுடர் உருகி, ஓடி, சமமாகி, அப்படியே இறுகிவிடும். மேட் பவுடரில் பலவற்றின் சூட்சுமம் இரண்டு வேகங்களில் இருக்கிறது: ஒன்று சீக்கிரம் இறுகும், மற்றது தாமதமாக இறுகும். முதலாவது இறுகிய பிறகு மற்றது சுருங்கும்போது மேற்பரப்பு இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத அளவில் சுருக்கம் விழுகிறது. காய்ச்சிய பால் ஆறும்போது ஆடை சுருங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இதனால் மேட் பவுடர் சூட்டுக்கு மிகவும் கூச்சப்படும். தடித்த சட்டமும் மெல்லிய கம்பியும் ஒரே கேட்டில் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் சூடாவதில்லை. வெளியே வரும்போது இரண்டுக்கும் மினுமினுப்பு வேறுபடலாம். "கஸ்டமர் பவுடரைத்தான் குறை சொல்லுவாங்க சார். அடுப்பைப் பாக்கணும்" என்றார் மேற்பார்வையாளர்.

அவரிடம் கிளாஸ் மீட்டர் இருந்தது. சோப்புக்கட்டி அளவுக் கருவி. பரப்பில் வைத்தால் 60 டிகிரி கோணத்தில் ஒளி அனுப்பி எவ்வளவு நேராகத் திரும்புகிறது என்று எண் காட்டும். ஒளிவிலகல் எண் 1.567 உள்ள, நன்றாகத் தேய்த்த கறுப்புக் கண்ணாடிக்கு 100 என்பது உலக அளவு. 60 டிகிரியில் 10க்குக் கீழே போனால் 85 டிகிரிக்கு மாற்றி அளக்க வேண்டும். ஏனென்றால் ஒளி சாயச் சாய மேடுபள்ளம் குறைந்ததாகவே ஒளிக்குத் தோன்றும். மேட் சுவரும் பளபளக்கத் தொடங்கும். மாலையில் சூரியன் தாழ்ந்தபின் ஈசிஆர் தார்ச்சாலையைச் சூரியனை நோக்கிப் பாருங்கள், அது மின்னும்.

டின்னில் வரும் பெயின்ட்டின் கதை வேறு. அதில் சில மைக்ரான் அளவுள்ள சிலிக்கா துகள்களைக் கலக்கிறார்கள். ஈரமாக இருக்கும்போது மேட் பெயின்ட்டும் பளபளப்பாகத்தான் இருக்கும். கரைப்பான் ஆவியாகப் படலம் மெலிகிறது, துகள்கள் மெலிவதில்லை. கடைசியில் அவை தோலுக்கடியிலிருந்து முட்டிக்கொண்டு நிற்கின்றன. சுவர் மேட் எமல்ஷனில் வண்ணப்பொடியின் பங்கை உயர்த்தி, பசையைக் குறைத்து இதையே செய்கிறார்கள். நம் பாட்டன் காலத்துச் சுண்ணாம்பு வெள்ளைக்கு இந்தத் தந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. நீற்றுச் சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடை வாங்கிக்கொண்டு மறுபடி கால்சியம் கார்பனேட் படிகமாகிறது. பிளாஸ்டிக் தோல் கிடையாது, படிகங்கள் மட்டுமே. அதனால் மேட். சுவர் மூச்சுவிடும், ஈரம் வெளியேறும். மேட் சுவர் வேண்டும் என்று விலை உயர்ந்த டின் வாங்குகிறவர்கள் சுண்ணாம்பை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

மதியத்துக்குமேல் திருவிடந்தைக்குத் திரும்பினேன். நித்யகல்யாணப் பெருமாள் கோயில். திருமங்கையாழ்வார் பாடிய தலம். திருமணம் கூட வேண்டிக்கொள்கிறவர்கள் மாலை வாங்கிச் சுற்றிவருவதும், கூடியபின் தம்பதியாக அந்தப் பழைய மாலையோடு திரும்பி வருவதும் இங்கே வழக்கம். ஆதிவராகரைச் சேவித்து வெளியே வந்தபோது ஒரு குடும்பம் கல்யாணப் பத்திரிகை வைத்திருந்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேலே மேட் லேமினேஷன். அந்தப் படலம் பாலிப்ரொப்பிலீன். அதன் வெளி அடுக்கில் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு பிளாஸ்டிக்குகளைச் சேர்த்து உருக்கி இழுக்கிறார்கள். நீட்டும்போது இரண்டும் பிரிந்து நின்று பரப்பில் நுண்ணிய மேடுகளை உண்டாக்குகின்றன. பத்திரிகையைப் பார்த்த பெரியம்மா, "வெல்வெட் மாதிரி இருக்கு" என்று தடவிக் கொடுத்தார். தடவத் தடவ விரல் எண்ணெய் மேடுகளுக்கிடையே நிறைந்து அந்த இடம் கறுத்து மின்னியது. நந்தியின்மேல் ஊற்றிய தண்ணீர் செய்ததும் இதுதான்.

இவ்வளவு அழகையும் பார்த்தபின் எனக்கு மனசில் கனத்து நிற்பது தூசிதான். மேட் வேலையெல்லாம் மைக்ரான் அளவில் நடக்கிறது என்றேன். நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகக்கூடிய தூசியும் அதே அளவுதான்: ஏறக்குறைய 4, 5 மைக்ரானுக்குக் கீழே. அதைவிடப் பெரியது மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். கிரானைட்டிலுள்ள குவார்ட்ஸ் தூசி உள்ளே போனால் உடல் அதைக் கரைக்க முடியாது. நுரையீரல் அதைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது, மெல்ல மெல்லத் தோல்பையாக இறுகுகிறது. அதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் எளிதாகத் தொற்றும். 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை படிக சிலிக்கா தூசியை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதிசெய்தது.

நான் போன பட்டறைகளில் தரைப் பலகை தேய்க்கும் இடத்தில் தண்ணீர் இருந்தது. சிலை செதுக்கும் இடத்தில் இல்லை. உளியும் சுத்தியலுமாக இருந்த காலத்தில் கல் சில்லாகத் தெறித்தது. இன்று கட்டரும் கிரைண்டரும் அதையே மாவாக்கிப் பறக்கவிடுகின்றன. மதிய வெயிலில் பட்டறைக்குள் ஒளிக்கற்றை விழுந்த இடத்தில் தூசி மிதப்பது தெரிந்தது. நடுவில் இருந்த தம்பி மூக்கைத் துண்டால் கட்டியிருந்தான். "மாஸ்க் போட்டா கண்ணாடியில ஆவி பிடிக்குது சார், கோடு தெரியல" என்றான். துணியின் இழைகளுக்கிடையே இருக்கும் இடைவெளி இந்தத் தூசிக்கு அகலமான வாசல். ஏன் தண்ணீர் விடுவதில்லை என்று சிற்பியைக் கேட்டேன். தண்ணீர் பட்டால் கல் கறுத்துவிடும். குறி போட்ட கோடும் உளித்தடமும் தெரியாது என்றார். நந்தியின் திமிலில் எனக்குக் காட்டிய அதே ஒளியியல், அவர் மூச்சுக்கு எதிராக நிற்கிறது. இதைக் கேட்டபின் அந்தத் தண்ணீர் விளையாட்டை என்னால் வியந்து மட்டும் பார்க்க முடியவில்லை.

மங்கலுக்காக மூச்சை இழந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். இரும்பைச் சொரசொரப்பாக்க மணலைப் பீய்ச்சி அடிக்கும் முறையில் சிலிக்கா மணலைப் பிரிட்டன் 1949இலேயே தடைசெய்தது. ஜீன்ஸ் துணிக்குப் பழசான மங்கல் கொடுக்க மணல் அடித்த துருக்கித் தொழிலாளிகள் இளம் வயதிலேயே சிலிக்கோசிஸில் செத்தார்கள். துருக்கி 2009இல் அதைத் தடைசெய்தது. சமையல் மேடைக்குச் செயற்கைக் குவார்ட்ஸ் பலகை வெட்டியவர்களின் நுரையீரல்களைப் பார்த்தபின் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடைசெய்தது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் மின்சாரத்தோடு 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்துக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. இந்தச் சாலையோரத்துச் சிறிய பட்டறைகளில் பலவற்றில் அத்தனை பேர் இருப்பதில்லை. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது சிலைக்கான பாதுகாப்பு. சிற்பியின் நுரையீரலுக்கு அதில் இடமில்லை.

செய்யக்கூடியது இருக்கிறது, அது பெரிய தொழில்நுட்பமும் அல்ல. கட்டரின் பக்கத்தில் தூசியை உறிஞ்சும் குழாய் ஒன்றை வைத்தால் கல்லை நனைக்க வேண்டியதில்லை, கோடும் மறையாது. உருவம் வெளியே எடுக்கும் முரட்டு வெட்டைத் தண்ணீரில் செய்து, நுண்வேலையை மட்டும் காய்ந்த கல்லில் செய்யலாம். முகத்தோடு பொருந்தும், வடிகட்டி மாற்றக்கூடிய மாஸ்க்கில் மூச்சு வெளியேற வால்வு உண்டு. கண்ணாடியில் ஆவி படிவது குறையும். சிற்பக் கல்லூரியில் முதலாண்டு மாணவனுக்கு உளி பிடிக்கக் கற்றுத்தரும்போதே தூசியையும் பாடமாக வைக்கலாம். செங்கல்பட்டு மாவட்ட நிர்வாகம் பட்டறைகளுக்கு அருகே ஆண்டுக்கொருமுறை மார்பு எக்ஸ்-ரே முகாம் நடத்தலாம். சிலிக்கோசிஸ் தன்னை வெளிக்காட்ட ஆண்டுகள் பிடிக்கும், எக்ஸ்-ரே முந்திக்கொள்ளும்.

அரசு செய்வது ஒருபக்கம் இருக்கட்டும். இந்தச் சாலையில் நின்று சிலையோ, நீச்சல் குளத்துக்குப் பலகையோ, பெயர்ப்பலகையோ ஆர்டர் கொடுக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். விலை பேசும்போது, "வெட்டும்போது தூசி உறிஞ்சும் மெஷின் இருக்கா?" என்றும் கேளுங்கள். இல்லை என்றால் அதற்கான தொகையைச் சேர்த்து எவ்வளவு என்று கேளுங்கள். கேட்டுக்கு மேட் பவுடர் போடச் சொல்லும்போது, இரும்பை மணலால் அடிக்காமல் தொட்டியில் சுத்தம் செய்கிறார்களா என்று பாருங்கள். அந்தக் கூடுதல் தொகையைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள்.